சக்கரம் தொப்பி போட்ட கதை

ஓடும்போது கழன்று விழுந்தாலும் காரை நிறுத்தாத பாகம் ஒன்று உண்டு. அது வீல் கேப். அது விழுந்த சத்தம் பின்னால் வருகிற டூ வீலர்காரருக்குத்தான் கேட்கும். கார் ஓட்டுகிறவர் வீடு போய்ச் சேர்ந்து, மறுநாள் வண்டியைக் கழுவும்போதுதான் மூன்று சக்கரம் வெள்ளியாகவும் ஒரு சக்கரம் கறுப்பாகவும் இருப்பதைப் பார்ப்பார். விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போகிற மாதிரியான ரோடுகளில் இப்படி அநாதையாகும் கேப்புகள் பஞ்சர் கடை ஆணிகளில் அடைக்கலமாகின்றன. ஒன்றுக்கும் ஜோடி இருக்காது.

"அண்ணாச்சி, கேப்பு எங்கேயோ விழுந்துருச்சு. அதே மாதிரி ஒண்ணு இருக்கா?"

"கேப்புதான போச்சு? உள்ள நட்டு இருக்கான்னு பாத்தீங்களா?"

பஞ்சர் கடைக்காரர் கேட்கிற இந்தக் கேள்விதான் வீல் கேப்பின் மொத்த வரலாறு. சக்கரத்தைத் தாங்கும் பொருள் ஒன்று, அதை மூடும் பொருள் இன்னொன்று. ஒரு காலத்தில் மூடிக்கும் உயிரான வேலை இருந்தது. அந்த வேலை எப்படிக் கைவிட்டுப் போனது, வேலை போன பிறகும் மூடி மட்டும் ஏன் பெரிதாகிக்கொண்டே வந்தது என்பதுதான் அது பிறந்து வளர்ந்த கதை.

குடமும் கடையாணியும்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவே இருக்கும் உருண்டைக் கட்டைக்குக் குடம் என்று பெயர். ஆரக்கால்கள் அதில்தான் இறங்கும். குடத்தின் துளைக்குள் இரும்பு அச்சு நுழைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய நுனியில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில் ஒரு கடையாணி. விரல் நீள இரும்புதான். அது நழுவினால் சக்கரம் தன்பாட்டுக்கு வெளியே நடந்துபோய்விடும். வண்டி குடை சாயும். உருவத்தில் சிறியவரை இகழாதே என்று சொல்லவந்த வள்ளுவர், பெருந்தேரின் அச்சாணியை உவமையாக எடுத்ததற்குக் காரணம் வண்டி கட்டி வாழ்ந்த எவருக்கும் விளக்காமலே புரிந்திருக்கும். உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்று 102-ஆம் பாட்டு சொல்கிறது. வழியில் சக்கரம் மக்கர் செய்யும் என்பதும், அதற்கு முன்னேற்பாடு வேண்டும் என்பதும் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

அந்தச் சக்கரத்துக்கு இன்னொரு பகை தூசி. அச்சும் குடமும் உரசும் இடத்தில் மசகு வேண்டும். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மைதான் நம் ஊர் கிரீஸ். அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மை தடவி, மறுபடி ஆணியை அடிப்பார்கள். குடத்தின் வெளிவாய் திறந்தே கிடப்பதால் ரோட்டுப் புழுதி மையோடு சேரும். சேர்ந்தால் அதுவே அரமாகி அச்சைத் தேய்க்கும். கோடையில் புழுதியாகப் பறந்து மழையில் பசையாக ஒட்டும் கரிசல் சீமையில் இந்தத் தொல்லை அதிகம்.

விருதுநகர் வட்டாரத்தின் வணிகமே இந்தச் சக்கரத்தின் மேல்தான் எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்ற ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் கட்டினார்கள். பருத்தியும் பிற சரக்கும் ஏற்றிவரும் மாட்டுவண்டிகள் திருட்டுப் பயமில்லாமல் இரவு தங்கும் அடைப்புகள் அவை. கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, அதில் கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் எழுப்பினார்கள். மதுரை - தூத்துக்குடி ரயில் 1876-இல் வந்த பிறகும் ஊர்களிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் சரக்கு வண்டிதான் இழுத்தது. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிய பிறகு வண்டிக்காரர் பார்க்க வேண்டிய முதல் இடம் கடையாணி.

விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. பழைய கோயில் தேர்களுக்கு ஆரக்கால் இல்லாத முழு மரச் சக்கரங்கள். நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டைகள். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் திருவாரூர் முதலிய பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. தேர் முழுக்க மரச்சிற்பமும் சீலையும் தோரணமுமாக இருந்தாலும், சக்கரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறவருக்கு அச்சு முனை மறைவில்லாமல் தெரியவேண்டும்.

அச்சு முனைக்கு மூடி போடும் யோசனை உலகத்தில் மிகப் பழையது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய சீனத்து அரச கல்லறைகளில் புதைத்த தேர்களில் அச்சின் இரு முனையிலும் வேலைப்பாடுள்ள வெண்கலக் கூடுகள் கிடைத்தன. அந்தக் கூட்டையும் அச்சையும் சேர்த்துத் துளைத்துத்தான் கடையாணி போகும். மர முனை பிளந்துவிடாமல் காப்பது கூட்டின் வேலை. அழகு கூடவே வந்தது. முதல் வீல் கேப் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டவேண்டும்.

கிரீஸுக்கு ஒரு மூடி

மோட்டார் கார் வந்த காலத்தில் பல வண்டிகளின் சக்கரம் மரத்திலேயே இருந்தது. அச்சிலும் குடத்திலும்தான் மாற்றம். குடத்துக்குள் பேரிங் புகுந்தது. வண்டி மை ஒழுகினால் மறுபடி தடவிக்கொள்ளலாம். பேரிங்கில் கிரீஸ் வெளியேறினாலோ மண் உள்ளே போனாலோ சில நாளில் அது அரைபட்டுப் போகும். ஆகவே குடத்தின் வாயில் மரை வெட்டி, அதில் திருகி மூடுகிற ஒரு உலோகக் கிண்ணம் வைத்தார்கள். ஹப் கேப் என்ற பொருள் மோட்டார் உலகத்தில் பிறந்தது இப்படி. அழகுக்காக அல்ல, கிரீஸ் உள்ளே நிற்கவும் புழுதி வெளியே நிற்கவும்.

1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி இதற்கு நல்ல சாட்சி. அதன் முன்சக்கரக் கேப்பைத் திருகிக் கழற்றி, கிண்ணம் நிறையக் கிரீஸ் அடைத்துத் திரும்பத் திருகவேண்டும். திருகத் திருகக் கிரீஸ் பேரிங்கை நோக்கி ஏறும். மூடியும் அதுவே, எண்ணெய்ச் சாடியும் அதுவே. கழற்றுவதற்கென்று தனி ஸ்பேனர் வண்டியோடு வந்தது. கேப்பின் முகம் ரோட்டைப் பார்த்து இருந்ததால் ஃபோர்டு தன் பெயரை அங்கே பொறித்தது. முதலில் பித்தளையில், பிறகு நிக்கல் பூச்சில். இந்தியாவுக்கான ஃபோர்டுகள் அந்த நிறுவனத்தின் கனடா கிளை வழியாக வந்தவை. கனடாவில் செய்த வண்டியின் கேப்பில் கனடா என்ற பெயரும் சேர்ந்தே பொறித்திருக்கும்.

பெயர் பொறித்த அந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. காக்கப் பிறந்த மூடி, காட்டவும் பழகிக்கொண்டது.

ஆரம்பக் கார்களில் டயர் பஞ்சர் ஆனால் சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றும் வழக்கம் இல்லை. டயரை மட்டும் ரோட்டோரத்திலேயே உரித்துத் தைத்து மாட்டவேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெலி ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய ஒரு கம்பெனி, காற்றடித்த டயரோடு கூடிய ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தைச் செய்தது. பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதைக் கவ்வவைத்து வீடு போய்ச் சேரலாம். மாற்றுச் சக்கரத்தை நம் மெக்கானிக்குகள் இன்றைக்கும் ஸ்டெப்னி என்று சொல்வது அதனால்தான். வண்டிக்கடியில் மாற்று அச்சு கட்டிய உப்பு வணிகர் பார்த்திருந்தால் புதுமை என்று சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்து வந்தது முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டுகிற ஏற்பாடு. பந்தய வண்டிகளில் கம்பிச் சக்கரத்தின் நடுவே ஒரே ஒரு பெரிய நட்டு. அதன் இரண்டு காதுகளைச் சுத்தியலால் தட்டிக் கழற்றலாம். சாதாரணக் கார்களில் தகட்டை அழுத்திச் செய்த இரும்புத் தட்டுச் சக்கரம், அதாவது நம் ஊர் டிஸ்க், 1920-களிலும் 30-களிலும் பரவியது. அதை நான்கைந்து நட்டுகள் பிடித்தன.

இங்கேதான் கேப் தன் பழைய வேலையை இழந்தது. பேரிங்கைக் காக்க உள்ளே தனியாக ஒரு சின்னத் தகரக் குப்பி வந்துவிட்டது. அச்சு நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஸ்பிளிட் பின் வந்துவிட்டது. கடையாணியின் நேர் வாரிசு இந்த ஸ்பிளிட் பின். மாடல் டி கேப்பின் நேர் வாரிசு அந்தத் தகரக் குப்பி. இரண்டும் உள்ளே ஒளிந்துகொள்ள, வெளியே நின்ற கேப்புக்கு மிஞ்சியது முகம் காட்டும் வேலை மட்டும். திருகும் மரை போய், ஸ்பிரிங் கவ்வலில் 'டக்'கென்று உட்காரும் குரோம் தட்டாக அது மாறியது.

வேலை குறைந்த பிறகுதான் அது கொழுத்தது. நடுவை மட்டும் மூடியது, நட்டுகளையும் மூடி, பிறகு டிஸ்க்கையே விளிம்புவரை மூடியது. 1940-களின் இறுதியில் காடிலாக் கார்களுக்கு வந்த அகலக் கேப்புகளை ரசிகர்கள் 'சோம்ப்ரேரோ' என்று மெக்ஸிகோத் தொப்பியின் பெயரால் கூப்பிட்டார்கள். கலிஃபோர்னியாவில் டீன் மூன் விற்ற வழவழப்பான அலுமினியத் தட்டுகள், உப்பு வெளியில் வேகப் பந்தயம் ஓடியவர்களுக்குக் காற்றுத் தடையைக் குறைக்க வந்தவை. வந்த வேகத்தில் அதுவும் நாகரிகமாகிவிட்டது. அமெரிக்க நகரங்களில் கேப் திருட்டு ஒரு தொழிலாகவே நடந்தது. பந்தயச் சக்கரத்தின் காது வைத்த நட்டைப் போலவே கேப்பிலும் காதுகள் முளைத்தன. நடந்துபோகிறவர் காலை அவை கிழிக்கும் என்பதால் 1968 முதல் அமெரிக்க அரசு புதிய கார்களில் அதைத் தடுத்தது. வீல் கேப்புக்கென்று ஒரு நாடு சட்டம் போட்டது அதன் செல்வாக்குக்குச் சான்று.

நம் ரோட்டுக்கு வந்தபோது

தென் தமிழ்நாட்டில் மோட்டாரை வாழ்க்கையாக்கியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1912-இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். மாட்டுவண்டி ரோட்டில் ரப்பர் டயர் ஓடினால் என்ன ஆகும்? மாட்டின் குளம்பிலிருந்து உதிர்ந்த லாட ஆணிகள் டயரில் ஏறும். காந்தம் பூட்டிய வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணி பொறுக்கினார்கள் என்பது டி.வி.எஸ். பற்றிப் பேசுகிறவர்கள் விடாமல் சொல்கிற செய்தி. பழைய சக்கரமும் புதிய சக்கரமும் ஒரே ரோட்டைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது.

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தது 1954 முதல் 1963 வரை. அவர் பயன்படுத்திய எம்.டி.டி. 2727 என்ற செவர்லே கார் சென்னையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. நடுவில் கம்பெனிச் சின்னம் பதித்த பளபளப்பான சிறு கேப்புகள் அந்தக் கால செவர்லேக்களின் அடையாளம். அவர் ஆட்சியை ஒட்டிய 1960-களில்தான் சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் வீல்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபாஸனர்ஸும் எழுந்தன. ஒன்று டிஸ்க் செய்கிறது, மற்றொன்று போல்ட் நட்டு. சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் கேப் செய்து கொடுத்துப் பேர் வாங்கியது. மூடி என்றாலே அலட்சியமாகப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: ரேடியேட்டர் மூடி இத்தனை அழுத்தத்தில்தான் திறக்கவேண்டும் என்ற கணக்கோடு செய்யப்படுவது. அது போனால் இன்ஜின் கொதிக்கும். அதே நிறுவனத்தின் போல்ட் நட்டு ஆலை ஒன்று விருதுநகர் மாவட்டத்திலேயே, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் ஆவியூரில் இருக்கிறது. கடையாணியை நம்பி வாழ்ந்த சீமை, அதன் பேரப்பிள்ளைகளைத் தானே செய்து அனுப்புகிறது.

1958 முதல் 2014 வரை வந்த அம்பாசிடருக்கும், பிரீமியர் பத்மினிக்கும் இரும்புக் கேப்புகள்தான். ஜாக்கி லிவரின் தட்டை முனையை விளிம்பில் கொடுத்து ஒரு நெம்பு. 'டங்' என்று தரையில் விழும். மாட்டும்போது உள்ளங்கையால் ஒரு குத்து. நசுங்கினால் உள்பக்கத்திலிருந்து மரச் சுத்தியலால் தட்டி எடுப்பார்கள், குரோம் போனால் பாலிஷ் கடைக்குக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு வண்டி அனுப்புகிற டிராவல்ஸ்காரர் முதலில் தேய்க்கச் சொல்வது அதைத்தான். இரும்புக் கேப் துருப்பிடிக்கும், ஆனால் உடையாது. சாகும்வரை வண்டியோடு இருக்கும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன 12 இன்ச் சக்கரம். மாருதியோடு வளர்ந்த கார்ச் சந்தையில் கேப் ஒரு புதிய பொறுப்பை ஏற்றது: வண்டியின் விலையைச் சொல்வது. ஒரே மாடலில் விலை குறைந்த ரகத்துக்குக் கறுப்பு டிஸ்க்கும் நடுவில் சின்ன மூடியும். அடுத்த ரகத்துக்கு முழுக் கேப். உச்ச ரகத்துக்கு அலாய். சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கிற கார் எந்த ரகம் என்று கதவைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். ஆகவே விலை குறைந்த ரகத்தை வாங்கியவர் ஷோரூமிலிருந்து நேராக ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் நான்கு கேப் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் பழக்கம் பிறந்தது. இன்று கம்பெனிகளே இரும்பு டிஸ்க்கின் மேல் அலாய் போலத் தோன்றும் கேப்பை அச்சுப் பிசகாமல் செய்து, அதற்கு ஸ்டைலான பெயரும் வைத்து விற்கின்றன.

பிளாஸ்டிக்கின் வரவு, பொய் நட்டின் வரவு

1970, 80-களில் கேப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. காரணம் எளியது: எடை குறைவு, விலை குறைவு, எந்த வடிவமும் வார்க்கலாம். பின்புறம் வட்டமாகப் பல கொக்கிகள். அவற்றை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்க ஒரு கம்பி வளையம். கொக்கி டிஸ்க்கின் உள்விளிம்பில் சிக்கிக்கொள்ளும். இதுதான் கடைகளில் சொல்லும் புஷ் டைப். வேறு சிலவற்றில் சக்கர நட்டே கேப்பையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும்.

அழகுக்காகச் சில கேப்புகளின் முகத்தில் நட்டுகளையும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்துவிடுகிறார்கள். பொய் நட்டு. அதில் வீல் ஸ்பேனரைக் கொடுத்து ஏறி மிதித்தவர்கள் உண்டு. நட்டு கழலாது, கேப் பிளக்கும்.

ஐரோப்பிய வழிவந்த கார்களில் கதை வேறு மாதிரி. மாருதி, ஹூண்டாய், டொயோட்டாவில் அச்சுப் பக்கத்திலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும். நட்டைப் போட்டு முடுக்குவோம். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனில் வெளியிலிருந்து போல்ட்டை உள்ளே திருகுவோம். அந்தப் போல்ட் தலைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குட்டி பிளாஸ்டிக் மூடி. அறுகோணமாக, அசல் போல்ட் தலை மாதிரியே இருக்கும். உள்ளே துரு பிடிக்காமல், ஸ்பேனர் உட்காரும் முனை மழுங்காமல் அது காக்கிறது. சக்கரம் முழுவதையும் மூடிய தொப்பி தொலைத்த பழைய கடமையை இந்தக் குட்டி மூடி திரும்ப எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். இதைக் கழற்ற டூல் கிட்டில் வளைந்த கம்பிக் கொக்கி ஒன்று இருக்கும். மூடியின் ஓட்டையில் மாட்டி இழுத்தால் வந்துவிடும். கொக்கி எதற்கென்று தெரியாமல் தூக்கிப் போட்டவர்கள் பிறகு கட்டிங் பிளேயரால் மூடியைக் கடித்துக் குதறுகிறார்கள். நான்கைந்து மூடிகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால், அதன் அடியில் திருட்டுத் தடுப்புப் போல்ட் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் திறக்கும் அடாப்டரும் டூல் கிட்டில்தான் இருக்கும். நடுரோட்டில் தேடுவதைவிட வீட்டில் ஒருமுறை தேடி வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றுவதும் காப்பதும்

புஷ் டைப் கேப்பைக் கழற்ற ஜாக்கி வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரம் ஆறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ராஜபாளையம் தாண்டிச் செங்கோட்டை மலைப்பாதையில் இறங்கிவந்த கையோடு தொட்டால் பிரேக் சூட்டில் விரல் பொரியும்.

முதலில் அது எந்த ரகம் என்று பார்க்கவேண்டும். அசல் நட்டுகள் கேப்புக்கு மேலே உட்கார்ந்து அதை அழுத்திக்கொண்டிருந்தால் நெம்பக் கூடாது. நட்டைக் கழற்றினால்தான் கேப் வரும். புஷ் டைப் என்றால் விளிம்பில் விட்டிருக்கும் சின்ன இடைவெளியைத் தேடி, துணி சுற்றிய தட்டை முனையை உள்ளே கொடுத்து, ஓரிடத்திலேயே பலம் காட்டாமல் இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பவேண்டும். பிளாஸ்டிக் ஆப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவியை விடமாட்டார்கள். மரம், பித்தளை போன்றவைதான். அங்கே பயம் தீப்பொறி. இங்கே பயம் கீறலும் உடையும் கொக்கியும்தான். இரும்பு வேண்டாத இடத்தில் இரும்பைக் கொண்டுபோகாதே என்ற புத்தி மட்டும் இரண்டுக்கும் பொது.

கழற்றிய நான்கையும் எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று பின்புறம் குறித்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக் கூடாது. பல கேப்புகள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், தின்னர் பட்டால் பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் கரையும். வெள்ளிப் பூச்சில் பழுப்பாக ஒட்டியிருப்பது பிரேக்கிலிருந்து உதிரும் தூள். அதை நாள்பட விட்டால் பூச்சில் ஊறிவிடும். நம் வெயிலில் பிளாஸ்டிக் மூன்று நான்கு வருடத்தில் விறைத்துப்போகும். விறைத்த கொக்கிதான் ஸ்பீடு பிரேக்கரில் ஒடிகிறது. பின்புறம் பார்த்து ஒரு கொக்கி ஒடிந்திருந்தால் அதை நம்பலாம். இரண்டு மூன்று ஒடிந்திருந்தால் கேபிள் டை போட்டு டிஸ்க்கோடு கட்டவேண்டும், அல்லது புதிதாக வாங்கவேண்டும். வாங்கும்போது அளவு டயரிலேயே எழுதியிருக்கிறது. 165/80 ஆர் 14 என்றால் 14 இன்ச் கேப். ஒரு இன்ச் முன்பின் ஆனால் கம்பி வளையம் எவ்வளவு வளைந்துகொடுத்தாலும் நிற்காது.

திரும்ப மாட்டும்போது காற்று மவுத்துக்கான வெட்டு எங்கே இருக்கிறதோ அதை மவுத்துக்கு நேரே வைத்துத் தொடங்கவேண்டும். மாறி வைத்தால் மவுத் வளைந்து காற்று கசியும். பிறகு சுற்றிவர உள்ளங்கையால் அழுத்தவேண்டும். காலால் உதைக்கிற வழக்கம் கொக்கிக்கு எமன். வீல் பேலன்ஸ் செய்ய விடும்போது கேப்பை முன்பே கழற்றிக் கொடுத்துவிடவேண்டும். ஓரத்தில் அடித்த ஈயத் துண்டின் மேல் கேப் ஏறி உட்கார்ந்தால் ஒன்று கேப் விழும், இல்லை ஈயம் விழும்.

கரிசல் சீமைக்கு இன்னொரு வேலை உண்டு. ஐப்பசி மழையில் வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் மண் ரோட்டில் ஒருமுறை போய்வந்தால் டிஸ்க்கின் உள்பக்கம் களிமண் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் செங்கல். முழுக் கேப் மறைத்துக்கொண்டிருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. நான்குவழிச் சாலையில் எண்பதைத் தாண்டும்போது ஸ்டியரிங் உதறும். பேலன்ஸ் போய்விட்டது என்று கடைக்குப் போவார்கள். மண்ணைச் சுரண்டினாலே உதறல் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நட்டு. கேப்பைக் கழற்றும்போதெல்லாம் நட்டுகளைப் பார்க்கவேண்டும். எல்லாம் இருக்கின்றனவா, ஏதாவது ஒன்றைச் சுற்றித் துருவின் சிவப்புக் கோடு ஒழுகியிருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். அந்தக் கோடு நட்டு தளர்ந்து அசைவதன் அடையாளமாக இருக்கலாம். முடுக்கும்போது ஒன்றுக்கொன்று எதிரெதிரான நட்டாக மாற்றி மாற்றி முடுக்கவேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில சின்னக் கார்களுக்குச் சுமார் 85 நியூட்டன் மீட்டர், ஃபோக்ஸ்வாகன் போன்றவற்றுக்கு 120. வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் சரி. நட்டின் மரையில் எண்ணெய் தடவக் கூடாது. தடவினால் ஸ்பேனரின் அதே அழுத்தத்துக்கு ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். சக்கரம் மாற்றி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்க்கவேண்டும். இதற்குச் சோம்பல்படுவது மனித இயல்பு, அந்தச் சோம்பலுக்குக் கேப் நல்ல சாக்கு. கண்ணில் படாத நட்டைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் தோன்றாது. லாரி டிரைவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவர்கள் நட்டுகள் திறந்தே கிடக்கின்றன. டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் ஒரு சுற்று வந்து, லிவரால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

மறுபடி ஒரு வேலை

இன்று கேப்புக்குப் புதிய எஜமான் வந்திருக்கிறார்: பேட்டரி. மின்சாரக் காரில் ஒவ்வொரு கிலோமீட்டரும் கணக்கு. சுழலும் சக்கரத்தின் ஓட்டைகளில் காற்று சிக்கிச் சுழன்று வண்டியைப் பின்னால் இழுக்கிறது. 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3-இன் அலாய் சக்கரத்துக்கு மேலேயே தட்டையான பிளாஸ்டிக் கேப் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். அழகு என்று பார்த்தால் அலாயை மறைக்கிற அசடு. காற்றுக் கணக்கில் பார்த்தால் லாபம். உப்பு வெளியில் வேகம் தேடியவர்கள் எழுபது ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்ட விஷயம்தான். கிரீஸ் காக்கும் வேலையை இழந்த கேப்புக்கு மறுபடி ஒரு உருப்படியான உத்தியோகம் கிடைத்திருக்கிறது.

ஆனால் மூடியின் வேலை எவ்வளவு உயர்ந்தாலும் சக்கரத்தைப் பிடித்திருப்பது அது இல்லை. பஞ்சர் கடைக்காரருக்கு அது தெரியும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப் நான்கையும் கழற்றிக் கழுவுகிறவர், கூடவே நட்டு பதினாறையும் தொட்டுப் பார்த்துவிடுகிறார். வண்டியின் அழகுக்காகச் செய்கிற வேலையில் உயிருக்கான வேலையும் முடிந்துவிடுகிறது. கேப்பைக் காப்பாற்ற வேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை.